தலைமையுரை எழுதிக் கொடுத்தவன்

முதல் வேலை

இறந்த அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும். நான் அவரைக் கண்டதே இல்லை.

அப்போது கிளிநொச்சியில் யோகன் அண்ணையின் அச்சகத்தில் ரைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து முடித்துவிட்டு, அரசாங்க வேலை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரங்கள், நடுவில் அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் குடும்பத்தாரின் நன்றி. வரலாற்றை முன்பெல்லாம் ஊரில் யாராவது வாத்தியார் எழுதிக் கொடுப்பாராம். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அச்சகத்துக்கே போன் எடுக்கிறார்கள்.

யோகன் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ தமிழ் படிச்சனிதானே. எழுதன்" என்றார்.

மகன் கனடாவில் இருந்தார். வட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மா நல்லவ, எல்லாருக்கும் உதவி செய்யிறவ, சாமி பக்தி உள்ளவ. திரும்பத் திரும்ப இவ்வளவுதான். இதை வைத்து எந்த அம்மாவைப் பற்றியும் எழுதலாம். கடைசி மெசேஜில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போனவர், துணுக்காயில் தங்கள் வயல் ரோட்டுக் கரையில் இருந்தது என்றும், பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் களை பிடுங்குகிற அம்மா நிமிர்ந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பா என்றும் சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போனபிறகும் பார்த்தாவாம். நான் அதிலிருந்து தொடங்கி எழுதினேன். பிழை திருத்தப் புறூவ் அனுப்பியதும் மகன் போன் எடுத்து அழுதார்.

அழுது முடிந்ததும் நான் கேட்டேன், கடைசிப் பக்கத்தில் சின்னதாக என் பெயர் போடலாமா என்று.

"உம்மட பேர் எதுக்குத் தம்பி? நாங்கள் எழுதினதெண்டு இருந்தால்தானே வடிவு. ஆக்கம், குடும்பத்தினர் எண்டு போடும்."

அப்படியே போட்டேன். அன்றிலிருந்து யோகன் அண்ணைக்கு என் பெயர் அதுதான். அச்சகத்துக்குள் காலை வைத்ததும், "வா குடும்பத்தினர், இரு" என்பார். மெஷின் ஓட்டுகிற பெடியன்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டில் வேலை

ஒரு கல்வெட்டிலிருந்து இன்னொன்று வந்தது. பிறகு பரிசளிப்பு விழாக்களின் வரவேற்புரை, கல்யாண வாழ்த்துமடல், தொண்டு நிறுவனங்களுக்கு அவர்களால் பயன்பெற்றவர்களின் கதை, வெளிநாட்டிலிருந்து நடக்கும் யூடியூப் சனல்களுக்கு ஸ்கிரிப்ட். ரைப் அடிக்கப் போவதை விட்டுவிட்டு உடையார்கட்டில் வீட்டிலேயே இருந்து எழுதத் தொடங்கினேன். இதற்கு சுயாதீன எழுத்தாளர் என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் வாசிக்கப் பழகிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற எழுத்து எல்லாம் என்னிடம்தான் வரும். உரப்பை, கிளினிக் கொப்பி, கரண்ட் பில், பிறகு பக்கத்து வளவு ஆட்களின் கரண்ட் பில்லும். மற்றவர்களுக்காக வாசித்துப் பழகியவன் மற்றவர்களுக்காக எழுதுகிறவனாக வந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை.

ஆனால் வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலையை ஊர் வேலையாக எடுக்காது. பக்கத்து வளவு மாமி வேலியடியில் நின்று அம்மாவிடம் கேட்பா.

"தம்பி இன்னும் சும்மாவோ?"

"சும்மா இல்லை. அவன் எழுதுறவன்."

"என்னத்தை?"

அம்மாவுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. அடுத்தமுறை கேட்டபோது கொம்பியூட்டர் வேலை என்று மாற்றிச் சொன்னா. மாமிக்கு அது விளங்கியது. அடுத்த நாள் தன் ரீவி ரிமோட்டைக் கொண்டுவந்து தந்தா, திருத்தித் தரச் சொல்லி.

இந்த வேலையின் கஷ்டம் என்று நான் நினைப்பது, எழுதுவது இல்லை. எழுதும்போது யாரும் இல்லாமல் இருப்பது. அப்பா கூலிக்குப் போகும் இடத்தில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒருத்தனை ஒருத்தன் நக்கலடிப்பார்கள். பின்னேரம் அப்பா அந்தக் கதைகளோடு வருவார். நான் காலையிலிருந்து இறந்தவர்களோடும், ஒருநாளும் காணப்போகாத மாப்பிள்ளை பொம்பிளையோடும் இருப்பேன். எழுதி அனுப்பினால் ஒரு பெருவிரல் படம் பதிலாக வரும். அவ்வளவுதான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, நான் "வாறன்" என்று சொல்லும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது தெரியும்.

போயா நாள் கூட்டம்

கிளிநொச்சியில் ஓர் எழுத்தாளர் வட்டம் இருக்கிறது. மாதா மாதம் பூரணையன்று வரும் போயா விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். யோகன் அண்ணைதான் சொன்னார், அவர்களுடைய வருடாந்த மலரை அவர்தான் அச்சடிக்கிறார். பரந்தன் பஸ்ஸில் போய் இறங்கி, கடைசி வரிசையில் இருந்தேன்.

கூட்டத்தில் ஒருவர் கதையோ கவிதையோ வாசிப்பார். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். வாசித்தது நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலானோர் சொன்னால் அது மலரில் வரும், எழுதியவருடைய படத்தோடும் அவரைப் பற்றிய இரண்டு வரியோடும். பிறகு பால் விடாத பிளேன்ரீயும் வடையும். அந்த நேரத்தில்தான் உண்மையான கூட்டம் நடக்கும். இரண்டு இரண்டு பேராக நின்று கதைப்பார்கள். யார் என்ன எழுதுகிறார், யாருக்கு எழுத வருகுதில்லை, யார் யாரோடு கோபம். நான் வடையை மெதுவாகச் சாப்பிடுவேன். சாப்பிட்டு முடிந்தால் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது.

இந்த ஆட்கள் செய்வதையும் நான் செய்வதையும் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். ஆனாலும் அங்கே யாராவது "தம்பி என்ன எழுதுறனீங்கள்?" என்று கேட்டால் கல்வெட்டு என்று சொல்ல வாய் வராது. வாசிக்கத்தான் விருப்பம் என்பேன்.

மலரில் என் பெயர் வரவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஊரில் எத்தனை வீட்டு அலுமாரியில் நான் எழுதியது இருக்கிறது. ஒன்றிலும் நான் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "படமும் போடுவினமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப உந்த ஐடென்ரிகார்ட் படத்தைக் குடுத்துப்போடாதை. கள்ளன் மாதிரி இருக்கிறாய்" என்றார்.

வட்டத்தின் தலைவர் தணிகாசலம் சேர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பிரதி அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சேட், மடிப்புக் கலையாத நீளக் காற்சட்டை. ஒரு கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு கேற்றடியில் என்னைக் கூப்பிட்டார். தன் அக்காவின் கல்வெட்டை எழுதியது நான்தான் என்று யோகன் அண்ணை சொல்லிவிட்டாராம். அடுத்த மாதம் தலைமையுரை கொஞ்சம் நீளமாகச் செய்ய வேண்டும், நேரம் இல்லை, ஒரு குறிப்பு எழுதித் தருவாயா என்று கேட்டார். என்ன விஷயம் சேர் என்று கேட்டதற்கு, "இலக்கியம்தான். நீ பாத்து எழுதன்" என்றார்.

எனக்குச் சந்தோசம். வட்டத்துக்குள் போக ஒரு கதவு திறந்தது என்றே நினைத்தேன். மற்றவர்களுக்கு எழுதும்போது கொஞ்சம் அடக்கி எழுதுவேன். சேருக்கு அடக்காமல் எழுதினேன். எனக்கு எப்படிச் சொல்ல ஆசையோ அப்படி. சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குவது, பதிலை உடனே சொல்லாமல் ஒரு சின்னச் சம்பவத்துக்குப் போவது, கடைசியில் நாலே சொல்லில் ஒரு வசனத்தோடு நிற்பாட்டுவது. சேர் அதை வாசித்தபோது மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன். அடுத்த மாதமும் கேட்டார். அதற்கடுத்த மாதமும். பிளேன்ரீ நேரத்தில் மட்டும் என் பக்கம் வரமாட்டார்.

ஒரே ஆள் நடத்திய விழா

வட்டத்தில் உள்ள ஒருவர் கவிதைப் புத்தகம் போட்டார். எங்கள் ஊர்களில் புத்தக வெளியீடு என்றால் அரைநாள் வேலை. தலைமையுரை, புத்தகத்தைப் பாராட்டிப் பேசும் நயவுரை, எல்லாரும் பிரதி வாங்கி முடிய எழுதியவரின் ஏற்புரை. சேர் வழக்கம்போலத் தலைமையுரை கேட்டார். இரண்டு நாளில் நயவுரை செய்யப்போகிற கூட்டுறவுச் சங்க முகாமையாளர், யோகன் அண்ணை மூலம் வந்தார். புத்தகத்தை வாசிக்க நேரம் கிடைக்கவில்லையாம். சேருக்குச் சொல்லவேண்டாம் என்றார். அடுத்ததாகப் புத்தகத்தை எழுதியவரே போன் எடுத்தார்.

"தம்பி, கவிதை வரும். நன்றி சொல்ல வராது. ஒரு ஏற்புரை எழுதித் தாரும். ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

மூன்றையும் எழுதினேன். வித்தியாசமாக எழுதத்தான் பார்த்தேன். கேள்வியை ஒன்றில் முதலில் வைத்தேன், ஒன்றில் நடுவில் வைத்தேன். விழா அன்று கடைசி வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சேர் புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். முகாமையாளர் அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று சொன்னார். எழுதியவர் எழும்பி, இரண்டு பேரும் சொன்னது தன் மனதைத் தொட்டது என்றார். அதுவும் நான் எழுதியதுதான். மூன்று பேர் மேடையில் இருந்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

பிளேன்ரீ நேரத்தில் ஜெசிந்தா அக்கா சத்தமாகச் சொன்னா, "இண்டைக்கு ஏன் எல்லாரும் எங்களைக் கேள்வி கேக்கினம்? சோதனைக்கே வந்தனாங்கள்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா அக்கா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவா. வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், அவா கருவாட்டு யாவாரம் செய்கிறா. கவிதை எழுதுகிறா. வட்டத்தில் அவாவின் காதுக்குத் தப்பி ஒரு சொல்லும் போகாது என்பார்கள்.

உரப்பை

சேரிடம் கேட்டு ஒரு போயாவுக்கு வாசிக்கிற ஆளாக என் பெயரைப் போடுவித்தேன். உரப்பையைப் பற்றி எழுதியிருந்தேன். அப்பா முதன்முதலில் ஓர் உரப்பையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்து, இதில் என்ன போட்டிருக்கு என்று கேட்ட நாள். நான் வாசித்துச் சொன்னதும், கடைக்காரன் சொன்னதும் இதுவும் வேறு வேறாக இருக்கிறதே என்று அப்பா பையைத் திரும்பக் கொண்டுபோய் மாற்றினார். அன்றைக்குத்தான் ஒருவர் என்னை நம்பி ஒரு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

எழும்பி நின்று வாசித்தேன். "ஓர் உரப்பையை நீங்கள் எத்தனை தடவை வாசித்திருப்பீர்கள்?" என்று தொடங்கினேன். முடித்தபோது இரண்டு மூன்று பேர் நல்லாயிருக்கு என்றார்கள். பிறகு ஜெசிந்தா அக்கா எழும்பினா.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. விஷயம் நல்ல விஷயம். ஆனா இது உம்மட குரல் இல்லை. கேள்வி கேட்டுத் தொடங்கிறதும், நாலு சொல்லில முடிக்கிறதும், இது அப்பிடியே எங்கட சேர் கதைக்கிற மாதிரி. சேர் ஒராள் இருக்கிறார்தானே. எங்களுக்கு இன்னொரு சேர் எதுக்கு?"

மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். இப்போது கேட்கிறபோது தங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ஒருவர், "பெடியன் ஒவ்வொரு மாதமும் வந்து பாடமாக்கிப்போட்டான்" என்றார். அதற்கும் சிரிப்பு.

நான் சேரைப் பார்த்தேன். சேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார்.

"இளம் ஆக்கள் மூத்த ஆக்களைப் பாத்துத்தானே பழகுறது. அதில பிழை இல்லை. தம்பி இன்னும் எழுதட்டும்."

அதோடு முடிந்தது. உரப்பை மலருக்குப் போகவில்லை. அன்றைக்கு வடை சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். வீட்டில் அப்பா படம் எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டார். இந்த வருசம் இடம் இல்லையாம், அடுத்த வருசம் என்றேன். "இடம் இல்லையெண்டா என்ன செய்யிறது" என்று மண்வெட்டியைக் கழுவப் போனார். அவர் நம்பியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சேரின் வீடு

என்னிடம் எல்லாம் இருந்தது. சேருக்கு அனுப்பிய ஒவ்வோர் உரையும் போனில் கிடந்தது, அனுப்பிய திகதியோடு. வட்டத்தின் வட்ஸ்அப் குறூப்பில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒன்றை மட்டும் அதில் போட்டால் போதும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சேர் போன் எடுத்து, மலர் வெளியீட்டுக்குத் தலைமையுரை வேண்டும் என்றார், ஒன்றும் நடக்காதது மாதிரி. நேரில் வருகிறேன் என்றேன். கேட்கவேண்டியதை எல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சேரின் வீட்டில் சேர் மட்டும்தான். மனைவி இறந்து சில வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு. குசினியில் ஒரு சின்னப் பானை, ஒரு கோப்பை. விறாந்தையில் எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் தொடங்க முன்னமே அவர் தொடங்கினார்.

"உனக்கு என்னில கோவம். நியாயம்தான்."

அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நான் கணக்கு வாத்தி. பிரதி அதிபர் எண்டவுடன எனக்கு எழுத்தும் வருமெண்டு நினைச்சுக் கொண்டுபோய் நடுக் கதிரையில இருத்திப்போட்டினம். முதல் ரெண்டு வருசம் திருக்குறளைச் சொல்லிச் சமாளிச்சன். நீ வாசிச்ச அண்டைக்கு எழும்பி, இது இவன்ர குரல்தான், எனக்கு எழுதத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னா பிறகு எனக்குப் போக இடம் இல்லை. மாதத்தில அந்த ஒருநாளைக்குத்தான் நான் சேட்டுக்கு அயன் போடுறனான்."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டேன். மண்டபத்தில் வடையை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு நிற்பது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். மேடையிலும் ஓர் ஆள் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

போனை வெளியே எடுத்து, இந்தமுறை நான் எழுதமாட்டேன், நீங்கள் கதையுங்கோ, நான் போனில் பதிவு செய்கிறேன் என்றேன். எதைக் கதைக்கிறது, எனக்கு இலக்கியம் தெரியாது என்றார். கணக்கைக் கதையுங்கோ என்றேன். முதலில் வராமல் வராமல் வந்தது. பிறகு இடம்பெயர்ந்து போன காலத்தில் மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடத்தியதற்கு வந்தார். கரும்பலகை இல்லை. யாரோ ஒருவருடைய அலுமாரி உழவுமெஷினில் வந்தது. அதன் கதவைக் கழற்றி, கரி பூசி, அதில்தான் பின்னம் படிப்பித்தாராம். இடம் மாறும்போதெல்லாம் கதவையும் தூக்கிக்கொண்டு போனார்களாம். கரையில் சாவித் துவாரம். ஒரு பிள்ளை அதையும் பூச்சியம் என்று நினைத்துக் கொப்பியில் எழுதிவிட்டு, விடை பிழையென்று அழுதாளாம். "நான் அண்டைக்கு அவளுக்குச் சரி போட்டனான். விளங்குதோ? அந்தக் காலத்தில அதுதான் சரியான விடை" என்றார். சொல்லிவிட்டு, "இதெல்லாம் மேடைக்குச் சரிவராது" என்றார்.

பதிவைக் கேட்டு எழுதியபோது அதில் என் சொல் ஒன்றும் இருக்காமல் பார்த்துக்கொண்டேன். அவர் "விளங்குதோ?" என்ற இடத்தில் விளங்குதோ என்றே வைத்தேன். அதுவரை நான் யாருக்கும் அப்படி எழுதியதில்லை. எல்லாருக்கும் என்னுடைய குரலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பெயர் மட்டும் அவர்களுடையது என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

பிளேன்ரீ மேசை

மலர் வெளியீட்டில் சேர் அதை வாசித்தார். நடுவில் இரண்டு இடத்தில் தாளைப் பார்க்கவே இல்லை. வழக்கமான கைதட்டல் இல்லை. சிலர், சேருக்கு இண்டைக்குச் சுகமில்லைப் போல என்றார்கள். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

பிளேன்ரீ மேசையில் ஜெசிந்தா அக்கா என் பக்கம் வந்தா. சேர் எங்களுக்குக் கிட்டத்தான், முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பையோடு நின்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். சேர் இண்டைக்குக் கதைச்சதுதான் சேரின்ர குரல். எனக்குத் தெரியும், என்ர அக்கா மகன் அந்த மரத்துக்குக் கீழ படிச்சவன். அப்ப இவ்வளவு நாளும் அவர் வாசிச்சது ஆர் எழுதினது?"

சேரின் கையில் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். உரப்பை அடுத்த மலரில் வரும். அப்பா கேட்ட படம் வரும்.

"சேர்தான் அக்கா" என்றேன்.

"அப்ப நீர் சேரைப் பாத்துத்தான் எழுதினனீர்?"

"ஓம் அக்கா."

அவா இன்னும் கொஞ்சநேரம் பார்த்தா. நம்பினாவா தெரியாது. "எண்டால் வேற ஒண்டு எழுதிக்கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. சேர் திரும்பவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நேரே பஸ்ஸடிக்குப் போனார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

இப்போது

இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுதித் தாங்கோ என்று வருகிறவரை முதலில் கதைக்க விடுங்கள். அவர், அம்மா நல்லவ, உதவி செய்யிறவ என்று சொல்லி முடித்து, இனிச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அலுத்துப்போய்ச் சொல்கிற கதையைப் பிடியுங்கள். அவருக்குப் பிடித்த சொல்லைத் திருத்தாதீர்கள். உங்களுடைய ஆசையை எல்லாம் அவருடைய தாளில் கொட்டாதீர்கள். கொட்டினால் அது அவரோடு போய்விடும். திரும்பக் கேட்க முடியாது.

என்னுடையது போய்விட்டது. கேள்வி கேட்டுத் தொடங்கினால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அது தணிகாசலம் சேர். நான் வேறு மாதிரி எழுதப் பழகவேண்டியிருந்தது. இங்கே எழுதியிருப்பது போல, நடந்ததை நடந்த மாதிரி. இது எனக்கு இன்னும் புதிய செருப்புப் போலத்தான் இருக்கிறது. வீட்டில் இன்னும் தனியாகத்தான் இருக்கிறேன். பக்கத்து வளவு மாமி இப்போது கரண்ட் பில்லோடு சேர்த்துப் பேரப்பிள்ளையின் தமிழ்க் கட்டுரையையும் கொண்டுவருகிறா.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சேரிடமே போனேன். அதே விறாந்தை. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிளேன்ரீ மேசை வந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து றோட்டைப் பார்த்தார்.

"பேரை மாத்தினாலும் ஆக்கள் கண்டுபிடிப்பினம் சேர்" என்றேன்.

"கண்டுபிடிக்கட்டும். கூட்டத்தைத் தொடங்கிறதும் முடிக்கிறதும்தானே தலைமை. அதுக்கு எழுத்து வேண்டாம். அவையள் என்னை வேண்டாம் எண்டு சொன்னா, பின்னுக்கு வந்து இருக்கிறன். கணக்கு வாத்தி எண்டதை மட்டும் மாத்தாதை."

பிறகு தாள்களை என் கையிலிருந்து வாங்கி, தன் மாணவர்களின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் நிதானமாகத்தான் எதையும் செய்வார். நான் காத்திருந்தேன்.

"நான் கதைக்கிற இடங்களைத் தவிர இதில ஒரு வசனமும் என்னை மாதிரி இல்லை" என்றார்.

"ஓம் சேர்."

"அப்ப உன்ர பேரைப் போடு."